பிக்காசுக்குப் பூசிய மஞ்சள்

எங்கள் அபார்ட்மெண்ட் வாசலில் போன மாசி மாதக் கடைசியில் ஒரு பூஜை நடந்தது. நன்றாக இருக்கிற ரோட்டுக்குப் பூஜை. தார் போட்ட வாடைகூட இன்னும் முழுசாகப் போகவில்லை, அதைப் பெயர்த்துவிட்டு மறுபடி போடப் போகிறார்களாம். தேர்தல் தேதியை எந்த நிமிஷமும் அறிவித்துவிடுவார்கள், அறிவித்துவிட்டால் நடத்தை விதிகள் என்று சொல்லிக் கையைக் கட்டிப் போட்டுவிடுவார்கள், அதற்குள் ஊரில் எங்கேயாவது ஒரு கொத்து கொத்திவிட வேண்டும் என்று பெரிய மனிதர்களுக்கு அவசரம். பெங்களூரில் இதற்குக் குத்தலி பூஜை என்று பெயர். குத்தலி என்றால் கன்னடத்தில் பிக்காசு. பிக்காசுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாலை போட்டுத் தலைவர் கையில் கொடுப்பார்கள். அவர் மூன்று முறை மண்ணைக் கொத்துவார். போட்டோ எடுப்பார்கள். அத்தோடு வேலை முடிந்தது. இனிமேல்தான் வேலை ஆரம்பிக்கும் என்று நினைப்பவர்கள் ஊருக்குப் புதுசு.

நான் ஆபீஸுக்குக் கிளம்பி கேட்டைத் தாண்டும்போது அந்த வாசனை மூக்கில் ஏறியது. மஞ்சள், உடைத்த தேங்காய், புதிதாகக் கிளறிய மண், மூன்றும் கலந்த வாசனை. அப்படியே நின்றுவிட்டேன். தலைவர் கையில் இருந்த பிக்காசு புத்தம் புதுசு. கடையில் ஒட்டின விலைச் சீட்டைக்கூட உரிக்கவில்லை, அதன் மேலேயே குங்குமம் வைத்திருந்தார்கள். பரவாயில்லை, இப்போதெல்லாம் சொந்தக் காசில் வாங்குகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பக்கத்தில் புவனா நின்றுகொண்டிருந்தாள். எங்கள் எதிர்வீட்டுப் பெண். கோயம்புத்தூரிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவள், நல்லவள், பாலுக்கு உறை ஊற்ற மோர் கேட்டால் தயிராகவே கொடுப்பாள். "இவங்களையெல்லாம் பாத்தா ஓட்டுப் போடவே தோணறதில்லீங்க அக்கா. எவனுக்குப் போட்டாலும் ஒண்ணுதானுங்க. அன்னிக்கு லீவு விட்டா கூர்க் பக்கம் கிளம்பிரலாம்னு இருக்கோம். நீங்க போடுவீங்களா?" என்று கேட்டாள்.

அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. நானும் பத்து வருஷமாக அதையேதான் ஆபீஸில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இருந்தும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஓட்டுப் போடாமல் இருப்பது இவ்வளவு லேசான காரியமா என்று கோபம். பெட்டியைக் கட்டு, காரை எடு, போய்க்கொண்டே இரு. எங்கள் சந்தில் அதற்கு மாரியம்மன் முன்னால் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. செய்தும் முடியவில்லை.

அந்தச் சந்தை நீங்கள் பார்த்திருக்க முடியாது, இப்போது அது இல்லை. சிட்டி ரயில்வே ஸ்டேஷனுக்குக் கொஞ்ச தூரத்தில் ஒக்கலிபுரத்தில், ரயில்வே காம்பவுண்டுச் சுவரை ஒட்டி, ஷீட்டுக் கூரை போட்ட வீடுகள். எல்லாரும் ஆற்காடு, திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து தாத்தா காலத்தில் கூலிக்கு வந்தவர்கள். சந்து சரிவில் இருந்தது. மேட்டுத் தெருக்கள் குளித்ததும் துவைத்ததும் மற்றதும் எங்களைத் தேடித்தான் வரும். சாக்கடையை அங்கே மோரி என்போம். எங்கள் சந்துக்கு மோரி என்று ஒன்று கிடையாது. நடுவில் காலால் தேய்ந்த ஒரு பள்ளம், அதுதான். மழை வந்தால் பள்ளத்தில் இருப்பது வீட்டுக்குள் வரும். அம்மா அரிசி டின்னையும் என் ஸ்கூல் பையையும் கட்டில் மேல் ஏற்றுவாள், என்னையும் ஏற்றுவாள், அப்புறம் தானும் ஏறி உட்கார்ந்துகொண்டு யாரையென்று இல்லாமல் திட்டுவாள். கட்டிலில் உட்கார்ந்தபடியே நான் வாய்ப்பாடு ஒப்பித்திருக்கிறேன். பதிமூன்றாம் வாய்ப்பாடு சொன்னால் இன்றைக்கும் எனக்கு அந்த நாற்றம் வரும்.

வேடிக்கை என்னவென்றால், என் அப்பாவின் தொழிலே மோரி தோண்டுவதுதான். காண்ட்ராக்டர்களிடம் பள்ளம் தோண்டும் கூலி. தண்ணீர்க் குழாய், டெலிபோன் கேபிள், மோரி, எதுவானாலும் தோண்டுவார். ஜெயநகரில் எந்தத் தெருவுக்கு அடியில் என்ன ஓடுகிறது என்று கேட்டால் படுத்தபடியே சொல்வார். ஊர் முழுக்க மற்றவர்கள் அழுக்கு ஓட வழி பண்ணிவிட்டு, சாயங்காலம் வந்து எங்கள் வீட்டு வாசலில் செங்கல் மேல் செங்கல் வைத்துத் தாண்டி உள்ளே வருவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுக்க முடியாமல் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு தானே தோண்ட ஆரம்பித்தார். மத்தியானத்துக்குள் வார்டு கட்சிக்காரர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்.

"இன்னா நாயனா, சர்க்கார் வேலைய நீயே செஞ்சிகினு கீற? இதுக்குத்தான் பூஜை போட்டாச்சே. சாங்ஷன் ஆயிட்ச்சி. இப்ப நீ தோண்டுனா கேஸ் ஆயிடும் பாத்துக்கோ."

தோண்டினதை அவர்களே மறுபடி மூட வேண்டியதாயிற்று.

பூஜை போட்டது உண்மைதான். எனக்கு நினைவு தெரிந்து ஐந்தாறு பூஜை போட்டிருப்பார்கள், எந்தத் தேர்தல் வந்தாலும் ஒன்று. கவுன்சிலர் வந்து கொத்துவார். அவரிடம் போய்க் கேட்டால் அது எம்.எல்.ஏ. ஃபண்டு என்பார். எம்.எல்.ஏ. வந்து கொத்துவார். அவரைக் கேட்டால் பக்கத்தில் ரயில்வே சுவர் இருக்கிறது, டெல்லியில் கேட்க வேண்டும் என்பார். டெல்லிக்குப் போகப் போகிறவர் வந்து கொத்துவார், ஜெயித்த பிறகு மோரி கார்ப்பரேஷன் விஷயம் என்பார். தண்ணீருக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது, நேராக வீட்டுக்குள் வந்தது.

இதில் எங்கள் வீட்டுக்கு ஒரு தனிப் பெருமை இருந்தது. பூஜைக்குப் பிக்காசு எங்கள் வீட்டிலிருந்துதான் போகும். சந்தில் நல்ல பிக்காசு அப்பாவினுடையது. இரும்பு பழசு, பிடி அப்பாவே சீவிப் போட்டது, அவர் உள்ளங்கை பட்டுப் பட்டு எண்ணெய் தடவின மாதிரி இருக்கும். வருஷத்துக்கு ஒரு தரம் ஆயுத பூஜைக்கு அம்மா அதைக் கழுவிப் பொட்டு வைத்துச் சுவரில் சாய்த்து, பொரியும் பூசணிக்காயும் வைப்பாள். அன்றைக்கு அதை யாரும் தொடக் கூடாது. ஆனால் கட்சிக்காரர் வந்து, "பிக்காசு குடும்மா, சாரு வந்துட்டாரு" என்றால் அம்மா ஓடிப்போய் அதே மாதிரி கழுவி, அதே மஞ்சளைப் பூசிக் கொடுப்பாள். சின்ன வயதில் எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். எங்கள் அப்பாவின் பிக்காசை எம்.எல்.ஏ. பிடித்தார் என்று கிளாஸில் சொல்லியிருக்கிறேன். பிடித்த லட்சணம் வேறு. அப்பா தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, "பிடிக்கத் தெரியாம பிடிக்கிறான், கால்ல போட்டுக்கப் போறான்" என்று முணுமுணுப்பார்.

ஒரு தேர்தலுக்கு முன்னால் வந்தவர்கள் பிக்காசைத் திருப்பித் தரவில்லை. திருட்டு என்று சொல்ல முடியாது. அன்றைக்கு அவர்களுக்கு இன்னும் நிறைய சந்துகள் பாக்கி இருந்தன. மூன்று கொத்து கொத்தினார்கள், ஷாமியானாவைச் சுருட்டினார்கள், நாற்காலி, மைக்கு, மாலை போட்ட பிக்காசு எல்லாவற்றையும் சேர்த்து ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அப்பா அன்றைக்குப் பிக்காசு தேவைப்படாத கேபிள் இழுக்கிற வேலைக்குப் போயிருந்தார். சாயங்காலம் வந்து கட்டிலுக்கு அடியில் கையை விட்டுத் தேடினார். அம்மா விஷயத்தைச் சொன்னாள். அவர் சோறுகூடத் தின்னாமல் கட்சி ஆபீஸுக்கு நடந்தார்.

வெறுங்கையோடு திரும்பி வந்தார். அன்றைக்கு அவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"அங்க ஒரு மூலைல பிக்காசா அடுக்கி வெச்சிருக்கானுங்க. எல்லாத்துக்கும் பொட்டு. மாலை காஞ்சி தொங்குது. உன்துன்னு எதுனா ஒண்ணு எட்த்துக்கோன்றான்."

"எட்த்துகினு வர்றதுதானே?" என்றாள் அம்மா.

"என்து அதுல இல்ல. வேற எவனோ ஒருத்தன் சோத்த நான் எப்பிடி எட்த்துகினு வர்றது?"

அதற்கப்புறம் காண்ட்ராக்டர் கொடுக்கிற பிக்காசோடு வேலைக்குப் போனார். கையில் கொப்புளம் வந்தது, இத்தனை வருஷத்துக்கு அப்புறம். அந்தத் தேர்தலில் அவர் ஓட்டுப் போடவில்லை. அதற்கடுத்ததிலும் போடவில்லை. எந்தக் கட்சிக்காரர் வாசலில் வந்து கும்பிட்டாலும் ஒரே பதில்: "என் பிக்காசு இன்னும் வர்ல. அது வந்தா நானு பூத்துக்கு வர்றேன்." அவர்கள் சிரிப்பார்கள். அப்பா சிரிக்க மாட்டார். கொஞ்ச நாளில் சந்தில் அதுவே ஒரு வழக்காகிவிட்டது. நடக்காத காரியம் எதையாவது பேசினால், "ஆமா, பிக்காசு வந்த பெறவு" என்று ஆரம்பித்துவிட்டார்கள்.

அம்மாவின் கட்சி வேறு. அவள் எந்த அரசியல்வாதியையும் நம்பினவள் இல்லை, அவர்கள் பேரைச் சொல்லும்போது அவள் சேர்த்துச் சொல்லும் அடைமொழிகளை இங்கே எழுத முடியாது. ஆனாலும் தவறாமல் ஓட்டுப் போடுவாள். காலையிலேயே குளித்து, சேஷாத்ரிபுரத்தில் பாத்திரம் தேய்க்கிற வீடுகளுக்கு அன்றைக்கு லேட்டாக வருவதாகச் சொல்லிவிட்டு, முதல் ஆளாகப் போய் நிற்பாள். ஏனென்றால் ஒரு பயம்.

"ஓட்டு போடலன்னா செத்துட்டோம்னு எழுதிடுவானுங்க. பேரு போச்சின்னா ரேஷன் போவும். ரேஷன் போச்சின்னா ஊடு போவும். அப்பறம் நாங்க இங்கதான் இருந்தோம்னு எத்தக் காட்டுவ?"

சந்தில் எல்லாப் பெண்களுக்கும் இந்தப் பயம்தான். யார் கிளப்பிவிட்டது என்று தெரியாது. கட்சிக்காரர்கள் அதை மறுத்துச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. படித்தவர்கள் ஓட்டுரிமை என்கிறார்கள், ஜனநாயகக் கடமை என்கிறார்கள். எங்கள் அம்மாக்களுக்கு அது உயிரோடு இருக்கிறேன் என்று வருஷா வருஷம் பென்ஷன் ஆபீஸில் போய் முகத்தைக் காட்டுகிற மாதிரி. யாருக்குப் போடுகிறோம் என்பது இரண்டாம் பட்சம். மை வைத்தால் போதும்.

எனக்குப் பதினெட்டு முடிவதற்குச் சற்று முன்னால் ஒரு மழை பெய்தது. அப்போது நான் சிவாஜிநகரில் ஒரு துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து முழங்கால் தண்ணீரில் நடந்து வீட்டுக்கு வந்தால் கட்டில் வரை தண்ணீர். எங்களுக்கு அது பழக்கம். ஆனால் தண்ணீர் வடிந்த மூன்றாம் நாள் அடுத்த வீட்டு ராணியக்காவின் கைக்குழந்தைக்கு வாந்தியும் பேதியும் வந்தது. அப்போதுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்திருந்த பிள்ளை. எங்கள் வீட்டு வாசல் வரை சுவரைப் பிடித்தே வருவான், வாசலில் பிடிக்கச் சுவர் இல்லாததால் பொத்தென்று உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரிப்பான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். திரும்பி வரும்போது துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். அப்பா குழி தோண்டினார். இரவல் பிக்காசு.

அடுத்த வருஷம் எம்.பி.க்கான டெல்லி எலக்‌ஷன் வந்தது. பூஜைக்கு நாள் குறிக்க ஆள் வந்தபோது ராணியக்கா சந்து முனையில் நின்றுகொண்டு உள்ளே விடவில்லை. அவள் சாதாரணமாகச் சத்தம் போட்டுப் பேசுகிறவள்கூட இல்லை. பீடி சுற்றிக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் இருப்பாள்.

"இந்த வாட்டி எவனும் இந்தச் சந்துல மண்ணக் கொத்தக் கூடாது. கொத்துன மண்ணுல எம்புள்ளைய வெச்சாச்சி. ஓட்டும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. போயி சொல்லு உங்க சாருகிட்ட."

அன்றைக்கே மாரியம்மன் கோவில் முன்னால் சந்து கூடியது. கோவில் என்றால் ஆள் உயரத்துக்கு ஒரு மாடம். தட்டில் கற்பூரம் ஏற்றி, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருத்தர் வந்து எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். அணைத்தால் சத்தியம். மீறினால் அம்மன் கேட்பாள். எங்கள் வீட்டுக்கு அம்மாதான் அடித்தாள். எனக்கு அதுதான் முதல் ஓட்டு, புதிதாக வந்த அட்டையில் என் போட்டோ எனக்கே அடையாளம் தெரியாத மாதிரி இருந்தது. முதல் ஓட்டையே போடாமல் இருக்கப் போகிறேன் என்பதில் எனக்கு என்னமோ பெரிய போராளி ஆகிவிட்ட நினைப்பு. துணிக்கடையில் ரவிக்கைத் துணி எடுக்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். ஒருத்தி, "அது சரி, லைனிங் தனியா வாங்கணுமா?" என்று கேட்டாள்.

ஓட்டுப் பதிவு அன்றைக்கு அப்பாவும் நானும் வாசலில் உட்கார்ந்திருந்தோம். சந்து அமைதியாக இருந்தது. ஆண்கள் மத்தியானம் வரை சுவர் நிழலில் சீட்டு ஆடினார்கள், அப்புறம் ஒவ்வொருத்தராகக் கலைந்தார்கள். அம்மா பத்து மணிக்கு மேல், "அல்சூர்ல சித்திக்கு ஒடம்பு சரியில்லையாம், ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்" என்று புறப்பட்டாள். மூன்றாம் வீட்டுக்காரி பால் வாங்கப் போனாள். இன்னொருத்திக்கு ஸ்ரீராம்புரத்தில் அக்காவைப் பார்க்க வேண்டியிருந்தது. அத்தனை பேருக்கும் அன்றைக்குத்தான் சொந்தபந்தம் நினைவு வந்தது என்று எனக்கு உறைக்கவே இல்லை. போராளிக்கு அவ்வளவுதான் புத்தி.

மறுநாள் காலையில் குழாயடி. தண்ணீர் வருவதற்கு முன்னால் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு நிற்போம். நான் என் இடது கையை வேண்டுமென்றே குடத்தின் விளிம்பில் வைத்துக்கொண்டு நின்றேன், சுத்தமான விரல் எல்லாருக்கும் தெரியட்டும் என்று. அப்புறம்தான் மற்ற கைகளைப் பார்த்தேன். பால் வாங்கப் போனவள் ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தாள், அரிவாள்மனை வெட்டிவிட்டதாம். இன்னொருத்தி விரலில் அவசர அவசரமாக வைத்த மருதாணி. அதற்கடுத்தவளுக்கு நகச்சுற்று, எலுமிச்சம்பழத்தைச் சொருகியிருந்தாள். மிச்சப் பேர் எல்லாருக்கும் விரல் நிறைய மஞ்சள். மஞ்சளுக்கு அடியில் மை பச்சையாகத் தெரிந்தது. எல்லாரும் எல்லாருடைய விரலையும் பார்த்தார்கள்.

கடைசியாக ராணியக்கா வந்தாள். குடத்தை இடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள். அவள் விரலிலும் மஞ்சள்.

நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். அவள் என்னிடம்தான் சொன்னாள், மெதுவாக: "இன்னா பாக்கற? எனக்கு இன்னொரு பொண்ணு இருக்குது இல்ல. அதுக்கு ஊடு வேணாமா?"

குழாயில் காற்று சீறியது, தண்ணீர் வந்தது. எப்போதும் போல யார் குடம் முன்னால் என்று சண்டை ஆரம்பித்துவிட்டது. வழக்கத்தைவிடப் பலமாகவே போட்டார்கள்.

வீட்டில் அம்மா சோறு போடும்போது அப்பா அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அப்படியொன்றும் செய்யவில்லை.

"பிக்காசுக்கும் இப்பிடித்தான் பூசிக் குடுத்த" என்றார்.

அம்மாவுக்கு எங்கிருந்துதான் வந்ததோ அவ்வளவு ஆத்திரம். "ஆமாய்யா, பூசிக்கினேன். நீ ஆம்பள, ரோஷமா குந்திகினு இரு. நாளைக்கி வந்து காலி பண்ணுன்னா உன் ரோஷத்துலயா போயி படுக்கறது?" என்று கத்திவிட்டு, சட்டியைப் போட்ட இடத்தில் போட்டுவிட்டு வெளியே போனாள். அப்பா மிச்சச் சோற்றைத் தின்று முடித்தார். எங்கள் சந்தில் மை இல்லாத விரல் அவருடையதும் என்னுடையதும்தான். எனக்கு அதில் இருந்த பெருமையெல்லாம் அந்தக் குழாயடியிலேயே போய்விட்டது. இன்றுவரை அந்தப் பெண்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. பிள்ளையைப் புதைத்தவளை மறுவருஷமே வரிசையில் நிற்க வைத்தது எதுவோ, அதன் மேல் இருக்கிற கோபம் தீரவும் இல்லை.

ஓட்டு எண்ணி முடித்த பிறகு ஒரு ஆட்டோ மைக்கு கட்டிக்கொண்டு சந்து முனைக்கு வந்தது. அந்த நாளில் எங்களிடம் தமிழில்தான் பேசுவார்கள். "ஒக்கலிபுரம் தாய்மார்களே, சகோதரிகளே, யார் தடுத்தும் திரண்டு வந்து வாக்களித்த உங்கள் அன்பை மறக்க மாட்டோம்" என்று மூன்று தரம் சொல்லிவிட்டுப் போனது. எல்லா வீட்டுக் கதவும் சாத்தியிருந்தது.

மறக்காமல்தான் இருந்தார்கள். சில வருஷத்தில் சந்தைக் காலி பண்ணச் சொன்னார்கள். சுவரை ஒட்டி அகலமாக ரோடு வருகிறதாம். ஊருக்கு வெளியே, பஸ் கடைசியாக நிற்கும் இடத்துக்கும் அப்பால், நாலு மாடிக் கட்டிடங்களில் வீடு கொடுத்தார்கள், சிலருக்கு. ராணியக்கா பீடிக்கடைக்காரரை விட்டு அவ்வளவு தூரம் போக முடியாது என்றாள், பெண்ணைக் கூட்டிக்கொண்டு எங்கேயோ வாடகைக்குப் போனாள். எங்கே என்று சொல்லிவிட்டுப் போகிற நிலைமையில் அன்றைக்கு யாரும் இல்லை. எங்களுக்குக் கிடைத்த மூன்றாம் மாடி வீட்டில் அப்பா ஒரு வருஷம் இருந்தார். ஜேசிபி வந்த பிறகு பிக்காசுக்காரனை யாரும் கூப்பிடுவதில்லை. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கீழே மண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசி வரைக்கும் ஓட்டுப் போடவில்லை.

அம்மா இப்போது என்னோடு இருக்கிறாள். ஓட்டு அட்டையை மட்டும் இந்த விலாசத்துக்கு மாற்ற விடவே மாட்டேன் என்கிறாள். அங்கே எடுத்து இங்கே சேர்ப்பதற்குள் செத்துட்டோம்னு எழுதிவிடுவார்களாம். என்னுடையதையும் மாற்ற விடவில்லை. அதனால் தேர்தல் வந்தால் நாங்கள் இரண்டு பேரும் ஒக்கலிபுரத்துக்குப் போவோம், அதே பள்ளிக்கூடம், அதே பூத். நான் முனகிக்கொண்டே போவேன். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஊரெல்லாம் சிதறிப்போன சந்துக்காரர்கள் அந்த வரிசையில்தான் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பெண்ணுக்குக் கல்யாணம் ஆயிட்டுதா, முட்டிவலி எப்படி இருக்கு, அவரு போயிட்டாரா, எப்போ என்று எல்லாம் அந்த வரிசையில்தான். ஒவ்வொரு தரமும் ஆள் குறைந்துகொண்டே வந்தது.

இந்தத் தடவை வெள்ளிக்கிழமை வந்தது. புவனா வீட்டார் முதல் நாளே கூர்க் போய்விட்டார்கள். எனக்கும் போக மனமே இல்லை. வெயில் தீயாக இருந்தது, டேங்கர் தண்ணீரும் வரவில்லை. "எவனும் யோக்கியன் இல்லம்மா, எதுக்கு அவ்ளோ தூரம்?" என்றேன். அம்மா அதற்குள் குளித்து, புடவை மாற்றி, செருப்பைப் போட்டுக்கொண்டு கதவருகில் நின்றாள். "யோக்கியன் எவன்னு நான் கேட்டனா? ஆட்டோவக் கூப்பிடு" என்றாள்.

பூத்துக்குச் சற்றுத் தள்ளி மேஜை போட்டிருந்த கட்சிக்காரர் எங்கள் விலாசத்தைக் கேட்டுவிட்டுச் சீட்டுகளைக் கிழித்துக் கொடுத்தார். அம்மாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. மூன்றாவதாக ஒன்றைக் கொடுத்து, "இவுரு பர்லில்லவா?" என்றார், இவர் வரவில்லையா என்று. அப்பாவின் சீட்டு. செத்து இத்தனை வருஷம் ஆகியும், பிக்காசு வராமல் ஓட்டே போடாத மனிதர் அங்கே நன்றாக உயிரோடு இருந்தார். நான் ராணியக்காவின் பேரைச் சொல்லி, இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு இல்லை என்றார். பால் வாங்கப் போனவள் வீடு, மருதாணிக்காரி வீடு, ஒவ்வொன்றாகக் கேட்டேன். இல்லை, இல்லை. பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தினார்கள். அம்மா அப்பாவின் சீட்டை மட்டும் மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டாள்.

வரிசையில் எங்களுக்கு முன்னாலும் பின்னாலும் புது ஃப்ளாட்டுக்காரர்கள். எல்லாரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மை வைத்த விரலைக் காட்டினால் ஒரு ஓட்டலில் தோசை இலவசமாம், அங்கே போகலாமா என்று பேசிக்கொண்டார்கள். அம்மா வருகிற ஒவ்வொரு முகத்தையும் எட்டி எட்டிப் பார்த்தாள். உள்ளே போய் மை வைத்துக்கொண்டு வெளியே வந்தும், கொஞ்ச நேரம் மரத்தடியில் நின்று பார்த்தாள். "ஒருத்திகூட வர்லியே" என்றாள்.

நான் யாருக்குப் போட்டேன் என்று கேட்பீர்கள். இவர்களில் யாரும் இல்லை என்று கடைசியில் இருக்கிற பொத்தானை அமுக்கினேன். கூர்க் போனவர்கள் சொன்னதும் அதேதான், நான் அதை ஆட்டோவுக்குக் காசு கொடுத்து வெயிலில் நின்று சொன்னேன், அவ்வளவுதான் வித்தியாசம். மனசு ஆறியதா என்றால் இல்லை.

திரும்பும்போது அம்மா சந்து இருந்த இடத்தில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னாள். சுவரை ஒட்டி அகலமான ரோடு. ரோட்டோரம் நீளத்துக்கு மோரி. சிமெண்டில் ஆழமாகக் கட்டி, மேலே பலகைக்கல் மூடி, நடைபாதையாகவும் ஆக்கியிருந்தார்கள். நாற்றம் கொஞ்சம்கூட இல்லை. இனி எவ்வளவு மழை பெய்தாலும் அங்கே தண்ணீர் வீட்டுக்குள் போகாது. போவதற்கு அங்கே வீடு கிடையாது.

அம்மா இறங்கிப் போய் அந்தக் கல்லின் மேல் நின்றாள். அது எங்கள் வீட்டு வாசலா, ராணியக்கா வீட்டு வாசலா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கும். அப்பா தான் மூடிய பள்ளத்தை மிதித்துப் பார்க்கிற மாதிரி, செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் இரண்டு தரம் மிதித்துப் பார்த்தாள். கல் அசையவில்லை.

"நல்லாத்தான் கட்டிருக்கானுங்க" என்றாள்.